பாத்ரூமில் இருந்த அட்வான்ஸ்

நான் கணக்கு டீச்சர். பன்னிரண்டு வருடமாகத் தனியார் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் கணக்கு நடத்துகிறேன். ஒரு தொட்டியில் இரண்டு குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிறது, மூன்றாவது குழாய் வழியாக வெளியே போகிறது, தொட்டி எப்போது நிறையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் மல்லசமுத்திரத்தில் ஆறு வருடம் குடியிருந்த வீட்டுக்கு நாங்கள் கொடுத்த அட்வான்ஸ் எங்கே போனது, யார் எனக்குத் தரவேண்டும் என்ற கணக்கை மட்டும் இன்றுவரை என்னால் போட முடியவில்லை. போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வருகிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் கெங்கவல்லி பக்கம். என் வீட்டுக்காரருக்கு மல்லசமுத்திரத்தை ஒட்டி ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்ததால் அங்கே குடிபோனோம். பிறகு மில்லை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் மனுஷன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். ஒருவழியாகச் சேலத்தில் லாரி உதிரிபாகம் விற்கிற கடையில் வேலை அமைந்தது. எனக்கும் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரச்சொன்னார்கள். அங்கேயே ஒரு வீட்டையும் பார்த்தோம். பார்த்தது ஆனி மாத நடுவில். ஆடி பிறந்துவிட்டால் எவரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். ஆடி முழுக்க வீட்டைச் சும்மா போட்டுவைக்க எனக்கென்ன தலையெழுத்தா, நாலு நாளில் அட்வான்ஸ் கொடுத்துப் பால் காய்ச்சினால் வீடு உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்று புது வீட்டு ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கையில் சல்லிக்காசு இல்லை. மில்லில் வரவேண்டியது வரவில்லை. என்னுடைய நகை எல்லாம் ஏற்கெனவே அடகில் மூழ்கி, கழுத்தில் மஞ்சள் கயிறுதான் மிச்சம். அந்த நேரத்தில் கைகொடுத்தவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை, ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். கழுத்துச் செயினைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என் கையில் வைத்தாள். அவள் கல்யாணத்தன்று மாமியார் போட்ட செயின் அது.

"பழைய வீட்டு அட்வான்ஸ் வந்ததும் மீட்டுக் குடுத்துடுங்க அண்ணி. அவருக்குத் தெரியாது. ஆவணி முதல் முகூர்த்தத்துல கொழுந்தன் கல்யாணம். அன்னைக்கு என் கழுத்துல இது இல்லன்னா, அப்புறம் அந்த வீட்ல நான் குடித்தனம் பண்ண முடியாது" என்றாள்.

அவள் புருஷன் அடிக்கிற ஆள் இல்லை. பேசாமல் இருக்கிற ஆள். ஒரு தடவை யாரோ சொந்தக்காரருக்கு இவள் இருநூறு ரூபாய் கொடுத்ததற்கு மூன்று மாதம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாராம், முகத்தைப் பார்க்க மாட்டாராம். செயின் போன விஷயம் தெரிந்தால் எத்தனை வருடம் பேசாமல் இருப்பாரோ. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். பழைய வீட்டில் எங்கள் அட்வான்ஸ் நாற்பதாயிரம் இருக்கிறது, பத்து நாளில் வந்துவிடும், மீட்டுவிடலாம் என்று நம்பினேன்.

அந்த மல்லசமுத்திரத்து வீட்டை நான் காலி செய்த விதத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டை அலசிக் கழுவி, வாசலில் கோலம் போட்டேன். வீட்டை வெறுமையாக விட்டுப்போகக் கூடாது என்று சமையல் மேடையில் ஒரு கிண்ணம் கல்லுப்பும் மஞ்சளும் வைத்தேன். அப்புறம் சாவியைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொண்டுபோய் ஓனரம்மாவிடம் கொடுத்தேன். ஓனரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டம், தென்னை, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி இரண்டு எல்லாம் உண்டு. மகன் அந்த வண்டிகளை ஓட்டிக்கொண்டு வடக்கே போர் போடப் போயிருந்தான். அந்தம்மாதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது. சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எனக்கு ஒரு ஜாக்கெட் துணியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். அட்வான்ஸ் என்று நான் இழுத்தேன். அதெல்லாம் வந்துரும் சாமி, அதை நினைச்சு மனசை ஒழப்பிக்காதீங்க என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட மனுஷி என்று பஸ் ஏறுகிறவரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

பத்து நாள் கழித்து முதல் தடவை போனேன். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, மேலே நெய் ஊற்றி, சாப்பிட்டே ஆகவேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார். புது வீட்டில் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடத்தில் சம்பளம் எப்படி, வீட்டுக்காரருக்கு வெயில் ஒத்துக்கொள்கிறதா என்று எல்லாவற்றையும் விசாரித்தார். பணப் பேச்சை எடுக்க நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் இலையில் இன்னொரு கரண்டி விழுந்தது. கடைசியில் கேட்டேன். ஆகட்டுமுங்க, பார்க்கலாமுங்க என்றார். மூன்று தேங்காயைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பையை வாங்கிப் பார்த்தார். தேங்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையை எடுத்துப்போய் அடுப்படியில் வைத்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தாலே பிள்ளைகள் வாய்ப்பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் என் கோபம் செல்லாது. எங்கள் பக்கத்தில் தரமாட்டேன் என்றால் தரமாட்டேன் என்று மூஞ்சிக்கு நேரே சொல்வார்கள். சொன்னால் சண்டை போடலாம், தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, சாமி என்று கூப்பிட்டு, சோறும் போடுகிறவரிடம் எந்த இடத்தில் சண்டையை ஆரம்பிப்பது? ஆறு வருடம் அங்கே இருந்தும் அது எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாவது தடவை போனபோது, சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அட்வான்ஸை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், அவசரம் என்றேன். ஓனரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியது மாதிரி.

"ஏனுங்க டீச்சர், நீங்க எங்கிட்ட அட்வான்ஸ் குடுக்கவே இல்லீங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுக்கவில்லையா, நாற்பதாயிரம், உங்கள் கண் முன்னாலேயே கொடுத்தோமே என்றேன். ஆமாங்க, என் கண்ணு முன்னாலதான் குடுத்தீங்க, ஆனா எங்கையில குடுக்கலீங்களே என்றார் நிதானமாக.

அப்போதுதான் ஆறு வருடத்துக்கு முந்திய அந்த நாள் எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். அவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்க, நாங்கள் எங்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். அட்வான்ஸை ஓனரம்மாவிடம் நீட்டியபோது, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போறவங்ககிட்டயே குடுத்துருங்க சாமி, எங்கையில எதுக்கு வாங்கி அவங்க கையில குடுக்கோணும் என்றார். நாங்களும் தட்டில் பூ, வெற்றிலை, பணத்தை வைத்து அந்த புக்கிங் ஆபீஸ்காரர் மனைவியிடம் கொடுத்தோம். ஓனரம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். நல்லதாகப்போயிற்று, ஒரே வேலையாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். ரசீது கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் ரசீது கேட்டால் அவ்வளவு பேர் முன்னால் அவரைத் திருடி என்று சொல்வது மாதிரி ஆகியிருக்கும்.

அந்த வரிசையில் இருந்த ஐந்து வீடுகளிலும் இதுதான் வழக்கமாம். வருகிறவர் போகிறவர் கையில் கொடுப்பார். ஓனர் தொடமாட்டார். இது தெரிந்தவர்கள், அடுத்து வருகிறவர் வாசலில் பணத்தோடு நிற்கிறவரை சாவியை விடமாட்டார்களாம். பக்கத்து வீட்டு அக்கா பிறகு என்னிடம், சாவியை ஏனுங்க குடுத்தீங்க என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார். வெற்றிலை பாக்கோடு வேறு கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

சரி, முதன்முதலில் குடியிருந்தவர் உங்களிடம்தானே கொடுத்திருப்பார், அந்தப் பணம் உங்களிடம்தானே இருக்கிறது என்று ஓனரம்மாவை மடக்கினேன். கணக்கு டீச்சர் அல்லவா, முதல் எண்ணைப் பிடித்துவிட்டால் வரிசை முழுவதும் பிடிபட்டுவிடும் என்று நினைத்தேன். அவர் எழுந்து, வாங்க என்று என்னை அந்தப் பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனார். என் உப்புக் கிண்ணம் சமையல் மேடையிலேயே இருந்தது. நேராகப் போய் பாத்ரூம் கதவைத் திறந்தார்.

"மொதல்ல இருந்தது பேங்க் ஆபீசருங்க. வெளியூருக்காரரு. ஊட்டுக்குள்ள பாத்ரூமு இல்லாம அவரு சம்சாரத்துக்கு ஆகலைங்க. அட்வான்ஸு எதும் வேண்டாம், உங்க செலவுல கட்டிக்கங்க, போறப்ப வாரவங்ககிட்ட வாங்கிக்கங்கன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லிப்போட்டாருங்க. உங்க பணம் பூராவும் இதுக்குள்ளதான் சாமி இருக்குது."

நான் பாத்ரூமைப் பார்த்தேன். இளம்பச்சை டைல்ஸ். மூலையில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. ஆறு வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆசிட் ஊற்றி நான் தேய்த்த தரை. பேங்க் ஆபீசர் கட்டியதற்குப் பிறகு வந்தவர் ஃபேன் போட்டாராம், அதற்குப் பிறகு வந்தவர் வாஷ்பேசின் வைத்தாராம், ஒவ்வொருவரும் தன் செலவைச் சேர்த்து அடுத்தவரிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது ஏறி ஏறி நாற்பதாயிரமாகி என் தலையில் வந்து நின்றிருக்கிறது. நான் அதை அடுத்தவர் தலைக்கு மாற்றாமல் கோலம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அங்கேயே நின்று யோசித்தேன். அப்படியானால் இந்த பாத்ரூம் என்னுடையதா? என்னுடையது என்றால் ஓனரம்மாவின் சுவரில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? ஓனரம்மாவுடையது என்றால் அதற்கு அவர் ஒரு பைசாகூட கொடுக்கவில்லையே? அவர் பொய் சொல்லவும் இல்லை. ஒரு ரூபாய்கூட எவரிடமும் கைநீட்டி வாங்கியதில்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். அதுவும் உண்மைதான். அப்போது யார்தான் என் பணத்தை எடுத்தது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அன்றைக்கு ஒரு படி நிலக்கடலையோடு வீடு திரும்பினேன்.

நாமக்கல் புக்கிங் ஆபீஸ்காரருக்கு ஃபோன் போட்டேன். ஆமாங்க, வாங்குனமுங்க, நாங்க எங்களுக்கு முன்னால இருந்தவங்களுக்குக் குடுத்ததைத்தானுங்க வாங்குனோம் என்றார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. நல்லா இருக்கீங்களா டீச்சர், ஒரு நாளைக்கு ஊட்டுப் பக்கம் வாங்க என்று வேறு கூப்பிட்டார். ஃபோனை வைத்துவிட்டுப் பள்ளிக்கூட நோட்டில் அந்த வீட்டில் குடியிருந்த ஒவ்வொருவரையும் ஒரு கட்டமாகப் போட்டு அம்புக்குறி வரைந்தேன். எல்லா அம்பும் ஓடிவந்து என் கட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பேசாம ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கிட்டுப் போய் பாத்ரூமைப் பேத்து லாரியில ஏத்திட்டு வந்துடலாமா என்றார். கையில் இருந்த நோட்டை அவர்மேல் வீசினேன். தங்கச்சி செயின் அடகில் இருக்கும்போது எப்படித்தான் இந்த மனுஷனுக்குச் சிரிப்பு வருகிறதோ என்று இருந்தது. வீசிய பிறகுதான் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை.

நாத்தனார் இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஃபோன் செய்வாள். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் பேசுவாள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். என்ன அண்ணி ஆச்சு என்பாள். வந்துரும்மா என்பேன். ஒரு நாள் அவள், கழுத்து ஏன் மொட்டையா இருக்குதுன்னு அவர் கேட்டுட்டார், பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்னு சொல்லிட்டேன், எந்தக் கடையிலன்னு கேட்டா என்ன சொல்றது என்றாள். உன் செயின் மல்லசமுத்திரத்தில் ஒரு பாத்ரூமுக்குள் இருக்கிறது என்றா சொல்ல முடியும்?

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்றாவது தடவை போனேன். இந்தத் தடவை கத்திவிட்டேன். அந்த வீட்டு வாசலில் அப்படி யாரும் கத்தியிருக்க மாட்டார்கள், தென்னை மட்டை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் நாத்தனார் வாழ்க்கை போய்விடும் என்றேன். செயின் கதை முழுவதையும் சொன்னேன், சொல்லும்போதே அழுதேன். வெட்கமாக இருந்தது. ஓனரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பொம்பளை பொழப்பே இப்படித்தான் கண்ணு என்றார். பையனிடம் கேட்காமல் பணம் எடுக்க முடியாது, அவன் எல்லாவற்றையும் வண்டியில் போட்டிருக்கிறான், கேட்டால் வாங்காத பணத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்பான் என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்.

அந்த வீட்டை மறுபடி வாடகைக்கு விடுகிற எண்ணம் அவருக்கு இல்லையாம். பொங்கலுக்கு மகன் ஊருக்கு வந்தால், பைப்பும் சாமானும் போட்டுவைக்க அந்த வீடு வேண்டும் என்று சொல்லியிருந்தானாம். ஆனாலும் உங்களுக்காக விடுகிறேன், நீங்களே ஒரு ஆளைப் பார்த்துக் குடிவையுங்கள், வருகிறவரிடம் உங்கள் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். குடிவருகிறவர்கள் பொங்கலுக்கு அப்புறம் எங்கே போவார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்கு நானே புரோக்கர் ஆனேன். 'வீடு வாடகைக்கு' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும், மளிகைக் கடையிலும், என் பழைய பள்ளிக்கூட வாட்ச்மேன் அறையிலும் ஒட்டினேன். ஃபோன் வந்தது. எல்லோரும் வீடு நன்றாக இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டு, ஆடி போகட்டுமுங்க, ஆவணியில பார்க்கலாமுங்க என்றார்கள். ஆவணியில் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? கொழுந்தன் கல்யாண முகூர்த்தம் ஆவணி மூன்றாம் தேதியே.

அப்புறம் ஒரு பெண் கூப்பிட்டாள். சின்னக் குரல். கல்யாணமாகி ஒரு வருடம், வீட்டுக்காரர் லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறார், இப்போது அவருடைய அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறோம் என்றாள். குடிவருவது ஆவணியில்தான், ஆனால் ஆடி பதினெட்டு நல்ல நாள், நோம்பியன்றைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று மாமியார் சொல்கிறார் என்றாள். எனக்கு அந்த மாமியார் காலில் விழுந்து கும்பிடத் தோன்றியது.

பதினெட்டாம் பெருக்கன்று நானும் என் வீட்டுக்காரரும் போனோம். ஓனரம்மா வீட்டைத் திறந்துவைத்து மாவிலை கட்டியிருந்தார். அந்தப் பெண் மஞ்சள் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சமையல் மேடையை உள்ளங்கையால் தடவினாள். பாத்ரூம் கதவைத் திறந்தவள் புருஷனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அண்ணன் வீட்டில் பின்பக்கம் தகரத்தடுப்புதான், வெளிச்சம் வருவதற்கு முன்னால் குளித்தாக வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனை வருசம் இருக்கலாமுங்க அக்கா?"

ஓனரம்மா மாவிலையைச் சரிசெய்கிற மாதிரி அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பொங்கல்வரைதான் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. அதற்குப் பின்னாலேயே என் நாத்தனாரின் மொட்டைக் கழுத்தும் வந்தது.

"நாங்க ஆறு வருசம் இருந்தோம்மா" என்றேன்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. தட்டில் வெற்றிலை, பூ, பணத்தை வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். பணத்தை எண்ணிப்பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

மறுநாளே சேலத்தில் செயினை மீட்டோம். நான் மட்டும் ஆத்தூருக்கு பஸ் ஏறினேன். நாத்தனார் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். அங்கேயே ஒரு தூண் மறைவில் நின்று கழுத்தில் போட்டுக்கொண்டாள். கொக்கியை நான்தான் மாட்டிவிட்டேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணத்தில் அவள் புருஷன் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். மல்லசமுத்திரத்தை நான் அன்றைக்கு ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அதற்கப்புறம் நினைக்காமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினாள். கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைத்துப் படம் அனுப்பினாள். வீட்டுக்குள் புதிதாக நீல வண்ணம் அடித்திருந்தார்கள், அதையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சொந்தச் செலவில் அடித்தோம் அக்கா, எப்படியிருக்கிறது என்று கேட்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு பூவைப் போட்டு அனுப்பினேன். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று யோசித்தால், நான் செய்தது தப்பா இல்லையா என்பதிலேயே வந்து நிற்கும். எல்லோரும் செய்ததைத்தானே நானும் செய்தேன்? பேங்க் ஆபீசர் செய்தார், புக்கிங் ஆபீஸ்காரர் செய்தார். ஆனால் அவர்கள் யாருக்கும் பொங்கல் விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஒரு வித்தியாசத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் ஃபோன் வந்தது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டேன். மறுபடியும் வந்தது. என் வீட்டுக்காரர், எடு என்றார்.

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, ஓனரம்மா பையன் வந்துட்டாருங்க. பைப்பு போட ஊடு வேணுமாமுங்க, இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிப்போட்டாங்க. அட்வான்ஸு கேட்டா, நாங்க வாங்கவே இல்லீங்களேங்கறாங்க. எங்களுக்கு ஒண்ணுமே புரியலீங்க அக்கா. நாங்க யாருகிட்டக் கேக்கோணும்?"

என்னிடம் பதில் இருந்தது. வரிசையாக, ஒன்று விடாமல் இருந்தது. பேங்க் ஆபீசரிலிருந்து ஆரம்பித்துச் சொல்லலாம். இந்த வரிசை வீடுகளில் வழக்கமே இதுதான் என்று சொல்லலாம். உன் பணம் பாத்ரூமுக்குள் இருக்கிறது, அடுத்து வருகிறவரிடம் வாங்கிக்கொள் என்று சொல்லலாம். அடுத்து அந்த வீட்டுக்கு இரும்புக் குழாய்கள்தான் வரப்போகின்றன. ஆறு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த அவ்வளவையும் அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். யாராவது ஒருத்தர் ஆமாம், நான்தான் தரவேண்டும் என்று சொல்லமாட்டார்களா என்றுதானே அந்த ஆனியிலும் ஆடியிலும் நான் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி அலைந்தேன் என்று அப்போது தோன்றியது. நல்ல புத்தி வந்ததாலா, என்மேலேயே வந்த ஆத்திரத்தாலா தெரியவில்லை, வேறு ஒன்றைச் சொன்னேன்.

"என்கிட்டதாம்மா கேக்கணும். உன் கையிலருந்து வாங்கினது நான்தான்."

அந்தப் பக்கம் பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"சரிங்க அக்கா. எப்ப வரட்டுமுங்க?"

நீ வர வேண்டாம், நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து கொடுப்பே என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தெரியலைங்க என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.